பால்கனியில் 'புகையிலை' வளர்க்கலாமா? இரவில் மணக்கும் நிகோஷியானா பூச்செடி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் செடி வளர்க்கும் பலருக்கும் ஒரு பொதுவான குறை உண்டு. காலையில் ஒன்பது மணிக்குக் கிளம்பி, டிராஃபிக்கில் மாட்டி, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால், ஆசையாக வளர்த்த பூக்களைப் பார்க்க சனி, ஞாயிறுதான் கிடைக்கும். மற்ற நாட்களில் பூ பூத்ததும் தெரியாது, வாடியதும் தெரியாது.

அப்படிப்பட்டவர்களுக்கென்றே படைத்தது போல ஒரு செடி இருக்கிறது. பகலில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். பொழுது சாய்ந்ததும் வெள்ளைப் பூக்கள் விரியும். அடுத்த அரை மணி நேரத்தில் பால்கனிக் கதவைத் திறந்தால் வாசனை ஹால் வரைக்கும் வரும். சில வகைகள் ஓர் ஆள் உயரத்துக்குப் பக்கத்தில் வளரும்.

பெயரைக் கேட்டால்தான் வீட்டில் புருவம் உயரும். காரணம், அது புகையிலை இனம். தாவரவியலில் நிகோஷியானா. நர்சரிகளிலும் விதை பாக்கெட்டுகளிலும் இதே பெயரில்தான் விற்கிறார்கள். தமிழில் 'அலங்காரப் புகையிலை' என்று சொல்லலாம்.

இதை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி சரியா, குழந்தைகளும் நாயும் பூனையும் இருக்கும் வீட்டில் வைக்கலாமா, பக்கத்துத் தொட்டியில் இருக்கும் தக்காளிக்கு ஏதாவது ஆகுமா, கடையில் வாங்கும் விதையில் உண்மையிலேயே வாசனை இருக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிகரெட் புகையிலையும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆனால் நெருங்கிய சொந்தம்.

1560 வாக்கில் லிஸ்பனில் பிரான்ஸ் நாட்டின் தூதராக இருந்த ழான் நிக்கோ, புகையிலையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரிலிருந்துதான் நிகோஷியானா என்ற இனப் பெயரும், நிகோடின் என்ற வேதிப்பொருளின் பெயரும் வந்தன. கத்தரிக்காய், தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, பெட்டூனியா எல்லாம் இருக்கும் அதே கத்தரிக் குடும்பம்தான் இதுவும். நம் ஊர்களில் மாலை நேரத்தில் தெருவையே மணக்கவைக்கும் ராத்ராணிகூட இந்தக் குடும்பம்தான்.

சிகரெட், பீடி, சுருட்டு, வாயில் மெல்லும் புகையிலை ஆகியவற்றுக்காகப் பெருமளவில் பயிரிடப்படுவது நிகோஷியானா டொபாக்கம் என்ற இனம். தோட்டங்களில் அழகுக்கும் வாசனைக்கும் வளர்ப்பது வேறு இனங்கள். அவற்றில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, நிகோஷியானா சில்வெஸ்ட்ரிஸ். பொலிவியா, அர்ஜென்டினா நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளைச் சேர்ந்தது. ஒன்றரை மீட்டர் உயரம் சாதாரணமாக வளரும். கீழே முறம் போன்ற பெரிய பச்சை இலைகள். உச்சியில் கொத்தாக, நீளமான வெள்ளைக் குழல் பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும். பார்க்க ஒரு வெள்ளை வாணவேடிக்கை மாதிரி இருக்கும்.

இரண்டாவது, நிகோஷியானா அலாட்டா. தெற்கு பிரேசில், பராகுவே, வடக்கு அர்ஜென்டினா பக்கத்துச் செடி. மூன்று, நான்கு அடி உயரம். பூவின் முகம் ஐந்து முனை நட்சத்திரம் போல இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'ஜாஸ்மின் டொபாக்கோ' என்றே ஒரு பெயர் உண்டு. விதை வியாபாரத்தில் 'அஃபினிஸ்' என்ற பழைய பெயரிலும் இதைப் பார்க்கலாம்.

இதில் ஒரு சுவாரஸ்யமான சமாச்சாரம். உலகம் முழுவதும் புகைக்கப்படும் அந்த டொபாக்கம் இனம், இயற்கையில் இரண்டு காட்டு இனங்கள் கலந்ததால் உருவான கலப்பினம். அதில் தாய் வழியாக வந்தது சில்வெஸ்ட்ரிஸ்தான் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தந்தை வழி டொமென்டோசிஃபார்மிஸ் என்ற இனம். இரண்டிலும் தலா 24 குரோமோசோம்கள், டொபாக்கத்தில் 48. ஆக, நீங்கள் பால்கனியில் வைக்கப்போவது புகையிலையை அல்ல, புகையிலையின் அம்மாவை!

இரவில் மட்டும் ஏன் மணக்கிறது?

நமக்காக அல்ல. அந்துப்பூச்சிக்காக.

பகலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பறக்கும்போது கடும் போட்டி. அதனால் இந்தச் செடிகள் இரவு ஷிஃப்ட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. இருட்டில் சிவப்பும் நீலமும் எடுபடாது என்பதால் நிறம் வெள்ளை. பூ எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதால் வாசனை. தேன் நீளமான குழலின் அடியில் இருப்பதால், நீளமான உறிஞ்சுகுழல் உள்ள பருந்து அந்துப்பூச்சிகளுக்குத்தான் அது எட்டும். ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் அந்தப் பெரிய பூச்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சொந்த ஊரான தென் அமெரிக்காவில் இருக்கும் அதே பூச்சிகள் இங்கே கிடையாது. ஆனால் இந்தியாவில் பரவலாக இருக்கும் அக்ரியஸ் கன்வால்வுலி என்ற பருந்து அந்துப்பூச்சிக்கு உடம்பைவிட நீளமான உறிஞ்சுகுழல் உண்டு. சர்க்கரைவள்ளிக் கொடியின் இலையைத் தின்னும் கொழுத்த புழு வளர்ந்து ஆவது இதுதான். ஐரோப்பாவில் இந்தப் பூச்சியைப் பார்ப்பதற்காகவே தோட்டத்தில் நிகோஷியானா வைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பால்கனிக்கும் வர வாய்ப்பு உண்டு, ஒரே நிபந்தனை: இரவு முழுக்க வெள்ளை எல்.இ.டி. விளக்கை எரியவிடாதீர்கள். பிரகாசமான வெளிச்சம் இருந்தால் பூச்சி பூவை விட்டுவிட்டு பல்பைச் சுற்றும்.

அலாட்டா பூவின் வாசனையில் இருக்கும் முக்கியமான இரண்டு பொருட்கள் லினலூல், சினியோல். மல்லிகை வாசனையிலும் லினலூல் இருக்கிறது. சினியோல்தான் நீலகிரித் தைலத்தின் அந்த மூக்கைத் திறக்கும் நெடிக்குக் காரணம். இரண்டும் மெல்லிய அளவில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இனிப்பான வாசனை, ஆனால் திகட்டாது. ராத்ராணி வாசனையில் தலைவலி வருகிறது என்பவர்களில் பலருக்கு இது பிடித்துப்போகும். சிகரெட் நெடிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காற்று அசையாத, லேசான ஈரப்பதமுள்ள மாலையில் வாசனை தூக்கலாக இருக்கும். பதினைந்தாவது மாடியில், எந்நேரமும் காற்று அடிக்கும் பால்கனியில் வைத்துவிட்டு "வாசனையே வரலையே" என்று சொன்னால் செடியைக் குறை சொல்ல முடியாது.

விதை வாங்கும்போதுதான் ஏமாறுகிறோம்

நிகோஷியானா வளர்த்து ஏமாந்துபோனவர்களில் பெரும்பாலோர் தப்பான விதையை வாங்கியவர்கள்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் சாண்டர் நர்சரி மூலம் அலாட்டாவையும் சிவப்புப் பூப் பூக்கும் ஃபோர்ஜெட்டியானா என்ற இனத்தையும் சேர்த்த ஒரு கலப்பினம் சந்தைக்கு வந்தது. வெள்ளை மட்டுமே இருந்த இடத்தில் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா என வண்ணங்கள் வந்தன. பிறகு வந்த விதைக் கம்பெனிகள் அதைக் குள்ளமாக்கின. பகலிலும் பூ திறந்தே இருக்குமாறு மாற்றின. நர்சரியில் பகல் பதினொரு மணிக்குச் செடி வாங்க வருபவருக்குப் பூ விரிந்திருந்தால்தானே விற்கும்? இந்த மாற்றங்களுக்கு நடுவில் போனது வாசனை. இன்று பாக்கெட்டில் 'டுவார்ஃப்', 'எஃப்1 மிக்ஸ்' என்று போட்டிருக்கும் பல வண்ண நிகோஷியானாவில் பெரும்பாலானவை ஒரு அடி உயரம்தான் வளரும், வாசனை லேசாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பூங்காக்களின் பாத்திகளில் வரிசையாக நிற்க அவை நல்ல செடிகள். உங்களுக்கு வேண்டியது அவை அல்ல.

பாக்கெட்டில் முழுத் தாவரப் பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். 'சில்வெஸ்ட்ரிஸ்' என்றோ, 'அலாட்டா' அல்லது 'அஃபினிஸ்' என்றோ இருந்து, உயரம் இரண்டரை அடிக்கு மேல் என்று குறிப்பிட்டு, பூ வெள்ளை என்றும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். 'லைம் கிரீன்' என்ற எலுமிச்சைப் பச்சைப் பூ வகை பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் அதை வாசனைக்காக வாங்காதீர்கள். லாங்ஸ்டார்ஃபி என்ற இனத்தில் குட்டிக் குட்டிப் பச்சை மணிகள் தொங்கும். அதிலும் இரவு வாசனையை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். உள்ளூரில் கிடைக்கவில்லை என்று வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்தியாவுக்குள் விதை கொண்டுவருவதற்கு 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை பொருந்தும். இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. 'கிஃப்ட்' என்று எழுதிச் சின்ன கவரில் வந்தாலும் விதி அதேதான். பிடித்தால் பறிமுதல். புகையிலை இனத்தின் வைரஸ்கள் தக்காளி, மிளகாய்க்கும் பரவக்கூடியவை என்பதால் இது வெறும் காகித விதி அல்ல. இந்திய விற்பனையாளர்களிடமும், விதை பரிமாறிக்கொள்ளும் தோட்டக் குழுக்களிடமும் கேட்டாலே பல நேரம் கிடைத்துவிடும்.

வீட்டில் வளர்க்க லைசென்ஸ் வேண்டுமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, காரணமும் இருக்கிறது. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டின் புகையிலை வாரியச் சட்டம் இருக்கிறது. குண்டூரில் தலைமையகம் கொண்ட புகையிலை வாரியம் அதன்கீழ்தான் இயங்குகிறது. சிகரெட்டுக்காகச் சூடான காற்றில் பதப்படுத்தப்படும் வர்ஜீனியா புகையிலையைப் பயிரிடுபவர்கள் வாரியத்திடம் பதிவு செய்ய வேண்டும். ஆந்திராவிலும், கர்நாடகாவில் மைசூரு பக்கத்து ஹுன்சூர், பிரியாப்பட்டணா தாலுகாக்களிலும் இருக்கும் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்தப் பதிவு வர்ஜீனியா புகையிலைக்கானது. தொட்டியில் பூவுக்காக நீங்கள் வைக்கும் சில்வெஸ்ட்ரிஸும் அலாட்டாவும் வேறு இனங்கள், அந்தச் சட்டம் சொல்லும் பயிர் அல்ல. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம் பொருட்களின் விளம்பரம், விற்பனை, பொது இடத்தில் புகைத்தல் ஆகியவற்றைப் பற்றியது. பூச்செடியைப் பற்றியது அல்ல. அபார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது "3-பி பிளாட்டில் புகையிலை பயிரிடுகிறார்கள்" என்று கிளப்பினால் இதைச் சொல்லலாம்.

அப்புறம், சில நண்பர்கள் கேட்கக்கூடிய கேள்வி: இலையைக் காயவைத்துச் சுருட்டிப் பிடிக்கலாமா? வேண்டாம். அலாட்டா இலையில் நிகோடின் மிகக் குறைவு. சில்வெஸ்ட்ரிஸ் இலையில் இருக்கும் நிகோடினின் அளவை வீட்டில் யாராலும் அளக்க முடியாது.

விஷம் எங்கே இருக்கிறது?

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நிகோடின் என்பது பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இந்தச் செடிகள் தயாரிக்கும் விஷம். அது உருவாவது இலையில் அல்ல, வேரில். அங்கிருந்து தண்ணீரோடு சேர்ந்து மேலேறி இலையில் சேர்கிறது. அலாட்டாவின் வேரில் நிகோடின் இருந்தாலும் இலைக்கு அது ஏறுவதில்லை. அதனால்தான் அதன் இலையில் குறைவு. சில்வெஸ்ட்ரிஸில் அந்தத் தடை இல்லை. எந்த வகை வைத்தாலும் ஒரே விதி: இலை, தண்டு, வேர் எதுவும் யார் வாய்க்கும் போகக் கூடாது.

"யாராவது போய் இலையைத் தின்பார்களா?" என்று தோன்றலாம். தின்றிருக்கிறார்கள். இதே இனத்தைச் சேர்ந்த நிகோஷியானா கிளாக்கா என்ற புதர்ச்செடியின் இலையைக் கீரை என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்த சம்பவங்கள் பல நாடுகளில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நம் வீடுகளில் இந்த ஆபத்துக்கு ஒரு தனி வடிவம் இருக்கிறது. மாடியில் ஒரு பக்கம் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை வளர்க்கிறோம். நிகோஷியானா நாற்று பூக்கிற வரைக்கும் பார்க்க வெறும் பச்சை இலைக் கொத்துதான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ, சமையலுக்கு வரும் அக்காவோ "நல்லா தளதளன்னு இருக்கே" என்று கிள்ளிவிட ஒரு நிமிடம் போதும். சமைத்தால் நிகோடின் போய்விடாது.

ஆகவே கீரைத் தொட்டிகளோடு இதை வைக்காதீர்கள். தொட்டியில் தமிழிலேயே பெரிதாக 'விஷச்செடி' என்று எழுதி வையுங்கள். தாவரவியல் பெயர் எழுதிய அழகான லேபிள் யாரையும் காப்பாற்றாது. வீட்டில் எல்லோரிடமும் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தவழும் குழந்தையோ, கண்டதையும் கடிக்கும் நாய்க்குட்டியோ, செடி கடிக்கும் பழக்கமுள்ள பூனையோ வீட்டில் இருந்தால், என் கருத்து இதுதான்: இந்த வருடம் வேண்டாம். மல்லிகை இருக்கிறது, சம்பங்கி இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நிகோஷியானா வைத்துக்கொள்ளலாம்.

யாராவது இலையைச் சாப்பிட்டுவிட்டால் முதலில் தெரிவது குமட்டல், வாந்தி, எச்சில் ஊறுதல், வியர்வை, முகம் வெளிறுதல், தலைசுற்றல். அளவு அதிகமானால் நடுக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் வரை போகலாம். நீங்களாக வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, 108-ஐ அழைத்து, செடியின் ஒரு கிளையையோ போட்டோவையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையம் 24 மணி நேரமும் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை தருகிறது.

தொட்டால்? பூவை முகர்வதாலோ, இலையை ஒருமுறை தொடுவதாலோ ஒன்றும் ஆகாது. ஆனால் புகையிலை வயல்களில், பனியில் நனைந்த இலைகளை மணிக்கணக்கில் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தோல் வழியாக நிகோடின் ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று. பச்சைப் புகையிலை நோய் என்றே அதற்குப் பெயர். இரண்டு தொட்டிக்கு அந்த அளவு பயம் தேவையில்லை. ஈரமான செடியை வெட்டும்போது கையுறை போட்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

வெட்டிய இலைகளைத் தெருவில் மாடு தின்னும் இடத்தில் கொட்டாதீர்கள். சினையாக இருக்கும் மாடு, ஆடு, பன்றி இந்த இனச் செடிகளைத் தின்றால் குட்டிகள் பிறவிக் குறைபாட்டோடு பிறக்கலாம் என்பது கால்நடை மருத்துவத்தில் தெரிந்த விஷயம்.

தக்காளிக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

கூடாது. உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வைரஸே புகையிலை மொசைக் வைரஸ்தான். 1892-இல் இவானோவ்ஸ்கியும் 1898-இல் பெய்ஜெரிங்கும் புகையிலை இலையில் வரும் திட்டுத்திட்டான நோயைப் பற்றிச் செய்த சோதனைகளிலிருந்துதான் வைராலஜி என்ற துறையே பிறந்தது. அந்த வைரஸ் தக்காளி, மிளகாய், குடைமிளகாய் எல்லாவற்றையும் தாக்கும்.

அது பரவ பூச்சி தேவையில்லை. கை போதும், கத்தரிக்கோல் போதும். காய்ந்த இலையிலும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும் என்பதால் சிகரெட், பீடி தொட்ட கையிலிருந்தும் செடிக்குப் போகலாம். புகைப்பவர் வீட்டில் இருந்தால், செடியைத் தொடும் முன் கையைச் சோப்பால் கழுவச் சொல்லுங்கள். (ஆடை நீக்கிய பால் இந்த வைரஸ் தொற்றுவதைக் குறைக்கும். நாற்றுகளைக் கையாளும் முன் அதில் கையை நனைத்துக்கொள்ளும் வழக்கம் விவசாயத்தில் உண்டு.) இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டு விழுந்து, இலை சுருங்கினால் மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டியதுதான். உரக்குழியில் போடக் கூடாது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடித்தோட்டக்காரர்கள் மத்தியில் 'புகையிலைக் கஷாயம்' அசுவினிக்கு நல்ல இயற்கை மருந்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் நிகோஷியானா இலையைக் காய்ச்சித் தெளிக்கலாம் என்ற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். நிகோடின் சல்பேட் என்ற பூச்சிக்கொல்லியை உள்நாட்டில் பயன்படுத்த இந்தியா 1992-இலேயே தடை விதித்துவிட்டது. 'இயற்கை' என்பதால் ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. அதுவும் நாளைக்குப் பறித்துச் சாப்பிடப்போகும் மிளகாயின்மேல்.

எப்போது, எப்படி விதைப்பது?

இதற்குப் பனியும் ஆகாது, கத்திரி வெயிலும் ஆகாது. அதனால் நம் சமவெளிகளில் இது குளிர்காலச் செடி. விதைத்ததிலிருந்து பூக்க மூன்று, நான்கு மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் இருப்பவர்கள் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபருக்குள் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும். டிசம்பர், ஜனவரியில் செடி வளராமல் அப்படியே நிற்பது போலத் தெரியும். கவலை வேண்டாம், கடும் பனி இரவில் மட்டும் சுவரோரமாக நகர்த்துங்கள். பெங்களூருதான் இந்தச் செடிக்கு மிக வசதியான ஊர். செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் ஜனவரி முதல் கோடை மழை வரை பூ. புனே, ஹைதராபாத்துக்கும் ஏறத்தாழ இதே கணக்கு. சென்னையில் அக்டோபரில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை பார்க்கலாம். ஏப்ரலில் விடைபெற்றுவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் பனி போன பிறகு, மார்ச் வாக்கில் விதைப்பது நல்லது.

விதை தூசி மாதிரி இருக்கும். தும்மினால் பறந்துவிடும். கொஞ்சம் உலர்ந்த மணலோடு கலந்து, ஈரமான கோகோபீட் தட்டின்மேல் தூவுங்கள். மேலே மண் போட்டு மூடவே கூடாது. முளைக்க வெளிச்சம் தேவை. முதல் தடவை விதைப்பவர்கள் பழக்கதோஷத்தில் மூடிவிட்டு, "முளைக்கவே இல்லை" என்று பாக்கெட்டைத் திட்டுவது இங்கேதான். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும் என்பதால் தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். பத்து முதல் இருபது நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். நான்கு இலை வந்ததும் சின்னக் கப்புகளுக்கு, உள்ளங்கை அளவு ஆனதும் தொட்டிக்கு.

தொட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அலாட்டாவுக்குப் பத்துப் பன்னிரண்டு அங்குலம், சில்வெஸ்ட்ரிஸுக்குப் பதினான்கு அங்குலத்துக்குக் குறையாமல். ஒரு தொட்டிக்கு ஒரு செடி. செம்மண், கோகோபீட், மண்புழு உரம் சம பங்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைப்பிடி மண்புழு உரம் கூடுதலாக. சில்வெஸ்ட்ரிஸ் நல்ல சாப்பாட்டுராமன். பட்டினி போட்டால் ஒன்றரை அடியில் நின்றுவிடும்.

காலை வெயில் நான்கு மணி நேரம், மதியம் நிழல். கிழக்குப் பார்த்த பால்கனி சரியாக அமையும். மேற்குப் பார்த்ததென்றால் ஒரு பச்சை வலை. பெரிய இலைகள் மதியத்தில் துவண்டு தொங்கும். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. நிமிராவிட்டால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். காற்று அடிக்கும் மாடியில் ஒரு மூங்கில் குச்சி கட்டுங்கள்.

இலை முழுக்கப் பிசுபிசுப்பான நுண்ணிய ரோமங்கள் இருக்கும். குட்டிப் பூச்சிகள் அதில் ஒட்டிச் சாகும், ஊர்த் தூசியும் ஒட்டும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைப் பக்கம் இருந்தால் செடி கொஞ்சம் அழுக்காகத்தான் தெரியும். வெள்ளை ஈ வந்தால் மஞ்சள் ஒட்டுப்பொறி, புழு வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு இரவில் கையால் பொறுக்குவது. இவை இரண்டுக்கு மேல் வீட்டில் பெரிதாகத் தேவைப்படாது.

வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புதுப் பூ வந்துகொண்டே இருக்கும். முதல் சுற்று முடிந்ததும் பூத்தண்டை அடியோடு வெட்டி உரம் போட்டால், பெங்களூரு மாதிரியான மிதமான ஊர்களில் அடியிலிருந்து மறுபடி துளிர்த்து இரண்டாவது சுற்றுப் பூக்கும். பனி இல்லாத இடத்தில் இவை ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியவை.

கடைசியில் ஓரிரண்டு பூக்களை மட்டும் விதைக்கு விடுங்கள். காய் பழுப்பு நிறமாகி, வெடிப்பதற்கு முன்பே காகிதக் கவருக்குள் வெட்டிப் போடுங்கள். ஒரு காயிலேயே நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். வெடிக்கவிட்டால் அடுத்த வருடம் பக்கத்துத் தொட்டி, கீழ்வீட்டுத் தொட்டி எல்லாவற்றிலும் முளைக்கும், அந்தத் தொட்டிகளில் ஒன்றில் கீரை இருக்கலாம். கவரின்மேல் பெயர், மாதம், கூடவே 'விஷம்' என்றும் எழுதி, உலர்ந்த டப்பாவில் வையுங்கள். மசாலா டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் வேண்டாம்.